கெண்டைக்குத் தயிர் சாதம்

சாப்பிட வைப்பதுதான் அன்பு என்று நம்புகிற பெண்களால் இந்த உலகத்துக்கு ஏற்பட்ட சேதத்தை யாரும் இதுவரை எழுதி வைத்ததில்லை. என் பங்கை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முந்நூறு கெண்டை மீன்களை, வலையில்லாமல் தூண்டில் இல்லாமல், வெறும் உபசாரத்தாலேயே கொல்லப் பார்த்தவள் நான். (மீன் சமைக்காத வீட்டில் பிறந்து, மீன் சமைக்காத வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் என்பதையும் சேர்த்துக்கொண்டால் குற்றம் இன்னும் கனமாகிறது. சாப்பிடுகிறவர்கள்கூட ஒரு வேளைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.)

நடந்து எட்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் எங்காவது படித்துறையில் பாசியைக் கண்டால் என் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் என் கணவர். என் நலத்தை நினைத்துச் சொல்கிறாரா, ஆபீஸில் நண்பர்களுக்குப் படித்துக் காட்ட நினைத்துச் சொல்கிறாரா என்பது தெரியவில்லை.

எங்கள் ஒரே பெண் சுதாவுக்கு அப்போது ஏழு வயது. அவள் பிறந்தபோது முதல் மூச்சு கொஞ்சம் தாமதமாக வந்தது. அதனால் மற்ற எல்லாமே அவளிடம் நிதானமாகத்தான் வந்து சேர்ந்தன. கால் அதுவரை வரவேயில்லை. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தூரத்திலிருந்து நடந்து வருவதுபோல வந்தது. மயிலாப்பூரில் அவளைத் தூக்கிக்கொண்டு நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினேன். ஒரு தலைமையாசிரியை சுதாவைப் பார்க்கவேயில்லை. என் தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தபடியே, "இடமில்லை" என்றார்.

அடையாறில் ஒரு பழைய பங்களாவில் ரெஜினா டீச்சர் நடத்திய பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இடம் இருந்தது. ஓடுகிற பிள்ளையும் ஓடாத பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பது டீச்சரின் சட்டம். காது கேட்காத ஒருவன், காலில் இரும்புக் கம்பி கட்டிய இருவர், சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் என்று எல்லோரும் கலந்துதான் உட்கார்ந்திருப்பார்கள். சுதாவின் பக்கத்து இடம் மல்லிகாவுக்கு. மல்லிகா பள்ளிக்கூடத்து ஆயா கன்னியம்மாவின் பெண். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. சுதா ஒரு சொல் சொல்வதற்குள் அவள் ஒன்பது சொல்லிவிடுவாள். இரண்டு பேருக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

சிக்கல் பள்ளிக்கூடத்தில் இல்லை, போய்ச் சேருவதில் இருந்தது. தினமும் சுதாவை இடுப்பில் வைத்துக்கொண்டு லஸ் முனையில் பஸ் ஏறுவேன். "இவ்ளோ பெரிய பொண்ண இன்னும் தூக்கினு வரியே, இறக்கி வுட்டு நடக்க வையேம்மா" என்று கண்டக்டர் தவறாமல் புத்தி சொல்வார். அந்த வருஷம் சுதா வளர்ந்துவிட்டாள். என் முதுகு வளரவில்லை. இன்னும் ஒரு வருஷம் இப்படித் தூக்கினால் நீங்களும் நடக்கமாட்டீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோடு சேர்த்து ஆறு பிள்ளைகளுக்கு இதே கதி. இவர்களுக்காக இரண்டு சைக்கிள் ரிக்‌ஷா வைத்தால்தான் அடுத்த வருஷமும் பள்ளிக்கூடம்; இல்லாவிட்டால் வீட்டு ஜன்னல்.

அந்த ரிக்‌ஷாக்களுக்காகத்தான் மீன். பங்களாவின் பின்பக்கம் ஒரு குளம் கிடந்தது. மீன்வளத் துறையில் வேலை பார்த்த ஒரு பிள்ளையின் அப்பா, கட்லாவும் ரோகுவுமாகக் கெண்டைக் குஞ்சுகள் கொண்டுவந்து விட்டார். வளர்த்து விற்றால் வருஷா வருஷம் ரிக்‌ஷா ஓடும் என்றார். எண்ணத் தெரிந்த பிள்ளை தீனியை அளக்கும். நடக்கிற பிள்ளை கொண்டுபோகும். உட்கார்ந்திருக்கிற பிள்ளை குளத்தில் வீசும். மேற்பார்வை கன்னியம்மா. அவள் வேளச்சேரி ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீனின் சௌக்கியத்தைச் சொல்லிவிடுவாள்.

நான் என்ன செய்தேன் என்றால், வராந்தாவில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். காலை முதல் மாலை வரை ஜன்னல் வழியாக சுதாவையே பார்த்துக்கொண்டு கம்பளி பின்னுவேன். (சென்னையில் கம்பளி எதற்கு என்று கேட்காதீர்கள். கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.)

மீன்கள் விற்பனைக்குத் தயாரான வாரத்தில் கன்னியம்மாவின் தங்கைக்கு வடபழனி கோவிலில் கல்யாணம் வைத்துவிட்டார்கள். அதே வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. சனிக்கிழமை காலை சைதாப்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வியாபாரி வருகிறார். அதுவரை ஐந்து நாள் யார் தீனி போடுவது என்று டீச்சர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். டீச்சர் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

கன்னியம்மா என்னைக் குளத்தங்கரைக்கு இழுத்துப்போய்ப் பாடம் நடத்தினாள்.

"இங்க பாரு மாமி. தவுடும் புண்ணாக்கும் கலந்து வெச்சிகீறேன். காலீல ஒரு படி. அவ்ளோதான். வானம் மூடிகினு கீதுன்னா அது கூட போடாத. இன்னா, புரிஞ்சிதா?"

"ஒரு படியா? இத்தனை மீனுக்கும் சேர்த்தா?"

"சேத்துதான் மாமி. அதுக்கு இன்னா தலவாழ எலையா போடுவாங்க?"

தலையாட்டினேன். மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பி.ஏ. படித்தவளுக்கு, அதுவும் மயிலாப்பூரில் பிறந்தவளுக்கு, மீனுக்குத் தீனி போடப் பாடமா? தெப்பக்குளத்தில் பொரி போட்டே வளர்ந்தவள் நான். பொரியை வீசினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். மேலே வந்து வாயைத் திறந்தால் அதற்குப் பசி. என் மீன் சாஸ்திரம் முழுவதும் இவ்வளவுதான். முப்பத்தாறு வயதுவரை அது போதுமானதாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு படி போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் காலி. குளத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு படி. புதன்கிழமை வானம் மூடியிருந்தது. மழைநாளில்தானே சூடாக ஏதாவது வேண்டும் என்று யோசித்து (மீனுக்கு!) சாதம் வடித்து, ஆறவைத்து, தயிர் பிசைந்து எடுத்துப்போனேன். மறுநாள் சுதா வீட்டில் சாப்பிடாமல் அடம் பிடித்த இட்லி எல்லாம் குளத்துக்குப் போயிற்று. என் பெண் ஒரு வாய் வாங்க ஒன்பது தடவை கெஞ்ச வேண்டும். இங்கே முந்நூறு பேர் கேட்காமலே வாங்கிக்கொள்கிறார்கள். ஏழு வருஷமாக எனக்குக் கிடைக்காத சந்தோஷத்தை அந்தக் குளம் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை நான் பொரியும் வெல்லமும் கட்டிக்கொண்டிருந்ததை என் கணவர் பார்த்துவிட்டார்.

"ஏண்டி, அதுகளுக்கு மாப்பிள்ளை ஏதாவது பாத்திருக்காளா?"

"நாளைக்கு வியாபாரி வரானோல்லியோ. கொஞ்சம் சதை பிடிச்சிருந்தா நல்லதுதானே?"

"அஞ்சு நாள்ல சதை பிடிக்கறதா? பத்து வருஷமா எனக்குப் போடற, எங்க பிடிச்சது?"

தண்ணீர் அதற்குள் வாழையிலைப் பச்சைக்கு மாறியிருந்தது. பச்சை என்றால் செழிப்பு என்று எடுத்துக்கொண்டேன். ஒரு மாதிரி வாடையும் வந்தது. மீன் என்றால் வாடை வரத்தானே செய்யும்?

சனிக்கிழமை வானம் இன்னும் மூடியே இருந்தது. நல்ல காரியம் நடக்கிற நாள் என்பதால் அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு, சுதாவைத் தூக்கிக்கொண்டு, முதல் பஸ்ஸிலேயே போய் இறங்கினேன். குளத்தங்கரைக்குப் போனதும் அப்படியே நின்றுவிட்டேன்.

குளம் முழுவதும் வாய்கள். மூலைக்கு மூலை, ஓரத்துக்கு ஓரம், முந்நூறு வாய்கள் தண்ணீருக்கு மேலே திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருடி கண்ணா! அம்மாவைத் தேடறதுகள்!" என்று சுதாவைப் படியோரம் உட்காரவைத்துவிட்டு, மிச்சமிருந்த பொரி முழுவதையும் இரண்டு கையாலும் வாரி இறைத்தேன்.

பொரி மிதந்தது. மிதந்துகொண்டே இருந்தது. ஒரு மீன்கூடத் தொடவில்லை.

சுதா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "சாப்பிட… லை… ம்மா."

"கூச்சம்டா" என்றேன். வெல்லத்தை உடைத்துப் போட்டேன். ஓரத்தில் இரண்டு மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. உண்ட களைப்பு என்று நினைத்தேன். (பொய் சொல்லவில்லை. அப்படியேதான் நினைத்தேன்.)

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்திருந்தாள் கன்னியம்மா. தலை நிறையப் பூ, ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மல்லிகா.

"அய்யய்யோ! மாமி! இன்னா பண்ணிகினு கீற?"

"பசிக்கறது பாவம், வாயைத் திறந்துண்டு…"

"பசி இல்ல மாமி! மூச்சு முட்டுது! தண்ணீல காத்து இல்ல! நீ போட்ட சோறு அழுகி அல்லாத்தயும் நாஸ்தி பண்ணிகீது! இன்னும் ஒரு மணி நேரம் போச்சுன்னா ஒண்ணு மிஞ்சாது!"

ரிக்‌ஷா, ஆறு பிள்ளைகள், வீட்டு ஜன்னல் எல்லாம் கண்முன் சுற்றின. சுதாவின் அடுத்த வருஷத்தை என் கையாலேயே தயிர் ஊற்றிப் பிசைந்துவிட்டேன்.

"என்ன பண்றது கன்னியம்மா? சொல்லு, என்ன பண்றது?"

"தண்ணிய அடிக்கணும்! கலக்கி வுடணும்! அப்பதான் காத்து எறங்கும்! டீச்சர்! மோட்டாரு போடு டீச்சர்!"

கிணற்று மோட்டார் விரல் தடிமனுக்குத் தண்ணீர் ஊற்றியது. அது யானைப் பசிக்குச் சோளப்பொரி கூட இல்லை. அந்த நேரத்துக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். அன்றைக்கு மீன் பிடிப்பதைப் பார்ப்பதற்காக எல்லோரும் சீக்கிரமே வந்திருந்தார்கள். ரெஜினா டீச்சர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "பிரேயர் கிடையாது. எல்லோரும் குளத்துக்கு!" என்றார்.

அப்படி ஒரு பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. தட்டு, சொம்பு, விளக்குமாறு, கிரிக்கெட் மட்டை என்று கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கரை முழுவதும் வரிசையாக உட்கார்ந்தும் நின்றும் தண்ணீரை அடித்தார்கள். காலில் கம்பி கட்டிய பையன் தன் ஊன்றுகோலையே துடுப்பாக்கிவிட்டான். காது கேட்காதவனுக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை. எல்லோரையும்விடப் பலமாக அவன்தான் அடித்தான். சுதா படியில் உட்கார்ந்தபடி இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைத் தட்டினாள்.

நான் வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். மூன்றாவது வாளிக்குக் குனிந்தபோது படியில் பாசி இருந்தது. அரக்குப் பட்டும் நானும் வாளியும் ஒரே சமயத்தில் குளத்துக்குள் போனோம்.

எனக்கு நீச்சல் தெரியாது. தலை உள்ளே போனதும் பச்சை இருட்டு. வாயில் தயிர் சாதமும் பாசியும். கையை வீசினேன், காலை உதறினேன், மேலே வந்தேன், "ஐயோ" என்பதற்குள் மறுபடி உள்ளே போனேன். இரண்டாவது முறை மேலே வந்தபோது கரையிலிருந்து ஆரவாரம் கேட்டது.

"அக்காங்! அப்டித்தான் மாமி! நல்லா அடி!" கன்னியம்மா துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். "கையயும் காலயும் சேத்து அடி! காத்து எறங்குது பாரு!"

"பிள்ளைகளே, சுதா அம்மாவைப் பாருங்க!" என்றார் ரெஜினா டீச்சர். "பட்டுப்புடவையைக்கூட அவங்க பெரிசா நினைக்கலை!"

பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் செத்துக்கொண்டிருந்தேன்.

நான் விளையாடவில்லை என்பது அந்தக் கரையில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரிந்தது. சுதா தட்டுவதை நிறுத்திவிட்டு, படியில் தவழ்ந்து விளிம்புக்கு வந்திருந்தாள். அவள் முகம் இறுகியிருந்தது. ஒரு சொல்லைத் தூரத்திலிருந்து வரவழைக்கும்போது அவள் முகம் அப்படித்தான் ஆகும்.

"அம்மா…" என்றாள். நான் முழுகினேன்.

மேலே வந்தேன். "காலை…" என்றாள். முழுகினேன்.

மேலே வந்தேன். "ஊணும்மா."

ஊன்றினேன். நின்றேன். தண்ணீர் என் இடுப்பு வரைதான் இருந்தது.

கரையில் தட்டும் மட்டையும் அந்தரத்தில் நின்றன. தலையில் பொரி, காதோரம் ஒரு இட்லித் துண்டு, தோளில் பாசி. டீச்சர் மெதுவாக, "ஐயோ, நீங்க முழுகிட்டா இருந்தீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அத்தனை பிள்ளைகளும் சிரித்தார்கள். கன்னியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேளச்சேரி ஏரீலகூட அந்த மாரி அடிய நான் பாத்ததில்ல மாமி! அங்க பாரு, கீழ போய்டுச்சு!"

பார்த்தேன். வாய்கள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. பிள்ளைகளின் முப்பது ஜோடிக் கைகளும் என் மரணப் போராட்டமும் சேர்ந்து அந்தக் குளத்துக்கு மூச்சு கொடுத்துவிட்டன.

எனக்கு வேறொன்று உறைத்தது. "ஏண்டி சுதா, ஆழம் இவ்வளவுதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சுதா தன் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக் காட்டினாள். "எனக்கு… இது… வரைக்கும்."

எனக்குப் புரியவில்லை. மல்லிகாவுக்குத்தான் வாயை மூடத் தெரியாதே.

"சுதா தண்ணீல நிக்கும் மாமி! மூங்கில புட்சிகினு நிக்கும்! நான்தான் எண்ணுவேன். போன வாரம் நாப்பது வரைக்கும் நின்னுச்சு!"

கன்னியம்மா தன் பெண்ணின் வாயைப் பொத்தினாள். டீச்சர் மரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு புதன்கிழமையும் பக்கத்துக் கடையில் கிடைக்கிற சாக்பீஸை வாங்க என்னை ஏன் பஸ் ஏற்றித் தியாகராய நகருக்கு அனுப்பினார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"நீ நடுங்கிப் பூடுவேன்னுதான் சொல்லல மாமி" என்றாள் கன்னியம்மா. "தண்ணீல கனம் தெரியாது. கொயந்த சொகமா நிக்கும். தோ, இறக்கட்டா?"

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் காதில் இட்லியோடு நின்றுகொண்டு கோபப்படுவது கஷ்டம். நான் பதில் சொல்வதற்குள் அவள் சுதாவைத் தூக்கி என் எதிரே இறக்கிவிட்டாள். படியோரம் தண்ணீரில் நட்டிருந்த மூங்கிலைச் சுதா பிடித்துக்கொண்டாள். கால்கள் கொஞ்சம் அலைந்தன, பிறகு ஊன்றிக்கொண்டன. ஏழு வருஷமாக நான் அவளை இடுப்பில்தான் பார்த்திருக்கிறேன், மடியில்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் எதிரே நின்று பார்த்தேன். மல்லிகா ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். ஐம்பத்திரண்டு வரை எண்ணினாள். என் முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது நல்லதாகப் போயிற்று.

பதினேழு மீன்கள் பிழைக்கவில்லை. வியாபாரி வந்து தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, பதினைந்து நாள் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார். கன்னியம்மா பாதித் தண்ணீரை இறைத்து, புதுத் தண்ணீர் விட்டு, ஐந்து நாள் மீன்களைப் பட்டினி போட்டாள். அவை நன்றாகத் தேறின. சொன்னபடி வியாபாரி வந்தார், மீன் சைதாப்பேட்டைக்குப் போயிற்று, ரிக்‌ஷாக்கள் வந்தன. நான் மட்டும், குளத்தில் விழுந்த அன்றைக்கு, கன்னியம்மாவின் கிளிப்பச்சைக் கல்யாணப் புடவையை உடுத்திக்கொண்டு, மீன் வாடையோடு மயிலாப்பூர் வீதியில் நடந்து வந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

குளத்தங்கரையில் ஒரு அறிவிப்புப் பலகை வேண்டும் என்று கன்னியம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். டீச்சர் அதை வகுப்புக்கே விட்டுவிட்டார். என்ன எழுதலாம் என்று பிள்ளைகள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். எழுதும் வேலையை சுதா கேட்டு வாங்கிக்கொண்டாள். அதுவரை அவள் முழுதாக ஒரு வாக்கியம் எழுதியதில்லை. தூரிகையை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, நீலப் பெயின்டில், மூன்று நாள் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு தட்டு அகலம்; ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கும்.

"அம்மா சோறு போடக் கூடாது."

என் கணவர் அதைப் பார்ப்பதற்காகவே ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். வெகுநேரம் அதன் முன்னால் நின்றார். கேலி செய்யப்போகிறார் என்று காத்திருந்தேன். "எழுத்து நன்னா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். (கேலி மறுநாள் காலை காப்பியோடு ஆரம்பித்தது. இன்னும் ஓயவில்லை.)

மழையில் மங்கும்போதெல்லாம் சுதாதான் அதற்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறாள். புதிதாகச் சேரும் அம்மாக்களுக்கு முதல் நாளே அந்தப் பலகையைக் காட்டிவிடுகிறார்கள். எந்த அம்மா என்று கேட்கிறவர்களுக்கு, வராந்தாப் பக்கம் கை நீட்டுகிறார்கள். நான் இப்போது அங்கே அதிகம் உட்காருவதில்லை. சுதா தனியாக ரிக்‌ஷாவில் போய்த் தனியாக வருகிறாள். பதினைந்து வயது. கம்பி போட்ட செருப்போடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறாள்.

வீட்டில் நான் இன்னும் திருந்தவில்லை. நேற்று இரவுகூட, போதும் என்று அவள் சொன்ன பிறகு, இன்னும் ஒரே ஒரு கரண்டி ரசம் சாதம் என்று தட்டுக்கு மேலே கையைக் கொண்டுபோனேன். சுதா தட்டைக் கையால் மூடிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"போர்டு" என்றாள்.

கரண்டி பாத்திரத்துக்கே திரும்பிவிட்டது. எந்தச் சொல்லுக்கும் நின்று நிதானித்து மூச்சு வாங்குகிற என் பெண்ணுக்கு, அந்த ஒரு சொல் மட்டும் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.